ஒண்ணாப்புத் தெய்வானை

அன்று காலை பள்ளிக்கூடம் முழுக்கச் சாணி மணம். முந்தின நாள் சாயங்காலமே பெரிய பிள்ளைகள் தரையை மெழுகிவிட்டிருந்தார்கள். கோவை இலையும் அடுப்புக்கரியும் சேர்த்து அரைத்துப் பூசியதில் கரும்பலகை கன்னங்கரேலென்று இருந்தது. வாசலில் மாவிலைத் தோரணம். பிள்ளைகளின் தலையிலிருந்து தேங்காய் எண்ணெய் நெற்றிக்கு வழிந்துகொண்டிருந்தது.

என்னுடைய ஒண்ணாப்புக் குழந்தைகள் மணல் பரப்பின் முன் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வரிசையின் கடைசியில் ஓர் இடம் காலி. அதைக் காலியாக்கியவன் நான்.

"ஏனுங்க சார், தெய்வானை அக்கா வல்லீங்களா?" என்று பாப்பாத்தி கேட்டாள். ஆறு வயது. முன்பல் இரண்டும் இல்லை.

"இன்னைக்கு வராது சாமி. அதைப் பத்தி நீ யாருகிட்டயும் பேசக் கூடாது, என்ன?"

அவள் ஆள்காட்டி விரலை உதட்டின் மேல் வைத்துக்கொண்டு தலையாட்டினாள். ஒரு குழந்தையின் வாயையும் அடைத்துவிட்டு நான் இன்ஸ்பெக்டரை வரவேற்க வாசலுக்குப் போனேன்.

இந்தத் தொடரில் இதுவரை நான் படித்ததையும் பரிசு வாங்கியதையும் தாராளமாக எழுதிவிட்டேன். இந்த அத்தியாயத்தை மட்டும் வாரா வாரம் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். இனித் தள்ளிப் போட எனக்கு வயதில்லை.

முறுக்கு எழுத்து

மோகனூருக்கு மேற்கே, காவிரிக் கரையை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் எனக்கு முதல் வேலை. அரசாங்க மானியத்தில் நடந்த தொடக்கப் பள்ளி. இரண்டே ஆசிரியர்கள். மூன்றிலிருந்து ஐந்து வரை தலைமையாசிரியர் நாச்சிமுத்து. ஊரில் அவருக்குப் பெயர் பெரிய வாத்தியார். ஒன்றும் இரண்டும் எனக்கு. நான் சேலத்தில் பிறந்து வளர்ந்தவன், கல்யாணமாகாதவன். எனக்குப் பெயர் சேலத்து வாத்தியார்.

பர்மாவிலிருந்து நம்மவர்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய காலம் அது. சுப்பையா என்பவர் தன் குடும்பத்தோடு எங்கள் ஊருக்கு வந்தார். அவருடைய தாத்தா காலத்தில் இங்கிருந்து போனவர்கள். ஐராவதி ஆற்றங்கரையில் ஒரு டவுனில் மளிகைக் கடை வைத்திருந்தாராம். கடையை அந்த அரசாங்கம் எடுத்துக்கொண்டது. உடுத்திய துணியும் ஒரு தகரப் பெட்டியுமாக வந்து சேர்ந்தார். தூரத்து உறவுக்காரர் ஒருவர் தம்முடைய வெற்றிலைக் கொடிக்காலில் ஒரு சாளையை, ஓலைக் குடிசையை, ஒழித்துக் கொடுத்தார்.

ஒரு திங்கட்கிழமை சுப்பையா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். நெடுநெடுவென்று வளர்ந்த பெண். கணுக்கால் வரை தொங்கிய லுங்கி, பொத்தான் வைத்த சட்டை. இரண்டு கன்னத்திலும் வட்டமாக வெளிர்மஞ்சள் பூச்சு. பர்மாவில் ஒரு மரக்கட்டையைக் கல்லில் இழைத்து அப்படிப் பூசிக்கொள்வார்களாம். வெயிலுக்குக் குளிர்ச்சி. பள்ளிக்கூடமே சன்னல் வழியாக அவளைப் பார்த்துச் சிரித்தது.

"பேரு என்ன சாமி?" என்றார் பெரிய வாத்தியார்.

"தெய்வானை, சயா."

"சயாவா?"

"வாத்தியாரை அங்க அப்படித்தாங்க கூப்பிடுவாங்க" என்றார் சுப்பையா.

"எது வரைக்கும் படிச்சிருக்கே?"

"ஏழு முடிச்சேன், சயா."

"அடேயப்பா! எங்க, உன்ற பேரை எழுது பாப்போம்."

அவள் சுண்ணக்கட்டியை வாங்கிக் கரும்பலகையில் எழுதினாள். வட்டம் வட்டமாக, ஒன்றோடொன்று கோத்த மாதிரி, அச்சடித்தது போல ஒரு வரி. பெரிய வாத்தியார் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"முறுக்குப் புழிஞ்ச மாதர அழகாத்தான் இருக்குது. ஆனா நம்மூருல இதை வாசிக்கறதுக்கு ஆளில்லையே சாமி. தமிழு?"

"பேசுவேன். எழுத்து தெரியாது."

அடுத்து, ஐந்தாம் வகுப்புக்கு அன்று போட்டிருந்த கணக்கை வாய்விட்டுச் சொன்னார். அவள் தன்னுடைய எண்களில் மளமளவென்று போட்டு விடையைத் தமிழில் சொன்னாள். பெரிய வாத்தியார் தாமும் ஒரு தடவை போட்டுப் பார்த்துக்கொண்டார்.

"கணக்கு அஞ்சாப்புக்கு மேல இருக்குது, எழுத்து ஒண்ணாப்புக்குக் கீழ இருக்குது. இதை எங்கீங்க தம்பி உக்கார வெக்கறது?" என்று என்னைக் கேட்டார்.

வேறு வழியில்லை, ஒண்ணாப்பில் உட்கார்ந்தாள். பதினான்கு வயதுப் பெண்ணை ஒண்ணாப்பில் சேர்த்ததாகப் பதிவேட்டில் காட்டினால் கேள்வி வரும். "எட்டு வயசுன்னு போடுங்க தம்பி. நல்ல காரியந்தானே" என்றார் பெரிய வாத்தியார். நான் எழுதினேன். உதவி செய்கிறோம் என்ற சந்தோஷத்தோடுதான் எழுதினேன்.

விஷயம் புரிந்ததும் தெய்வானை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்பா, இனிமே என்னை இடுப்புல தூக்கிட்டுத்தான் வரணும்."

குட்டி சயா

எங்கள் பள்ளியில் முதல் எழுத்து மணலில். திங்கட்கிழமைதோறும் பிள்ளைகள் கொட்டாங்கச்சியில் காவிரி மணல் அள்ளி வருவார்கள். காலையில் அதில் ஈரம் இருக்கும், ஆற்றின் வாசனையும் இருக்கும். வாத்தியார் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் விரலைப் பிடித்து எழுத வைக்க வேண்டும்.

தெய்வானையின் விரலை நான் எப்படிப் பிடிப்பேன்? கொடிக்காலுக்குப் போகிறவர்கள் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் போவார்கள். நான் கரும்பலகையில் எழுதிக் காட்டி, "இதைப் பார்த்து எழுது" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் பார்த்துப் பார்த்து எழுதினாள். எல்லா எழுத்தும் வட்டமாகவே வந்தது.

பாப்பாத்தி யாரையும் கேட்கவில்லை. நகர்ந்து நகர்ந்து கடைசி இடத்துக்குப் போனாள். தெய்வானையின் விரலைத் தன் குட்டிக் கையால் பற்றிக்கொண்டாள்.

"இங்க சுழிக்கோணும் அக்கா. சுழிச்சுப்போட்டுக் கீழ இழு. கையை ஏன் இத்தனை கெட்டியா வெச்சிருக்கறே? தளத்தி உடு."

தப்பாக வந்தால் உள்ளங்கையால் மணலைத் தேய்த்துவிட்டு, "மறுக்கா" என்பாள். தெய்வானையும் மறுபேச்சில்லாமல் மறுக்கா எழுதுவாள். பாப்பாத்திக்கு அவள் வைத்த பெயர் குட்டி சயா.

ஒரு நாள் காலை வகுப்புக்குள் நுழைந்தால் ஒண்ணாப்பு முழுவதற்கும் கன்னத்தில் மஞ்சள் வட்டம். வீட்டிலிருந்த சந்தனத்தைப் பாதிப் பேர் பூசியிருந்தார்கள். சந்தனம் கிடைக்காதவர்கள் ஆற்றங்கரை வண்டலைப் பூசியிருந்தார்கள். கடைசி இடத்தில் உட்கார்ந்திருந்த தெய்வானைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஊர் மாறி வந்தபின் அவள் அப்படிச் சிரித்தது அன்றுதான் என்று அவளுடைய அப்பா பிறகு சொன்னார்.

ஐப்பசி அடைமழையின்போது அவள் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தாள். கார்த்திகையில், வெல்லம் கட்டிவந்த பத்திரிகைத் துண்டை வாசித்துக் காட்டி, "இதுல மீதிக் கதை எங்க, சயா?" என்று என்னைக் கேட்டாள்.

அம்மாவின் ரெண்டாப்பு

சனிக்கிழமை மாலை நான் சேலம் போய்விடுவேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை கண்டு, அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுத் திங்கட்கிழமை விடியும்போது பஸ் ஏறுவேன். தெய்வானையின் கதையை அம்மாவிடம் வாராவாரம் சொல்வேன்.

அம்மா பிறந்த ஊர் மேட்டூர் அணைக்குள் இருக்கிறது. கோடையில் தண்ணீர் இறங்கினால் பழைய சுவர்கள் தலை காட்டும். நான் சிறுவனாக இருந்தபோது ஒரு முறை எங்களைக் கூட்டிப்போய், சேறு படிந்த ஒரு கல் படியைக் காட்டினாள். "இதுதான்டா எங்க பள்ளிக்கூடத்துப் படி. ரெண்டாப்பு முடிக்கறதுக்குள்ள தண்ணி வந்துருச்சு." குடி பெயர்ந்து போன இடத்தில் பக்கத்தில் பள்ளிக்கூடம் இல்லை. ஆடு இருந்தது, மேய்த்தாள். செபப் புத்தகத்தில் பெரிய எழுத்தை மட்டும் வாசிப்பாள். சின்ன எழுத்து வந்தால் என்னிடம் நீட்டுவாள்.

தெய்வானைக்கென்று தன்னுடைய பழைய சேலையைக் கிழித்து ஒரு தாவணி தைத்துக் கொடுத்தாள். "அந்தப் புள்ளைய எப்படியாச்சும் மேல ஏத்தி உட்ரு சாமி" என்றாள்.

மேலே ஏற்றியாக வேண்டிய அவசரமும் இருந்தது. சுப்பையா என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். "தை பொறக்கிற வரைக்கும் பார்க்கிறேன் சார். அதுக்குள்ள பெரிய வகுப்புல உக்கார வெச்சீங்கன்னா, அவ எது வரைக்கும் படிக்கிறாளோ படிக்கட்டும். இல்லைன்னா வெத்தலை அடுக்கப் போகட்டும். வளர்ந்த பொண்ணு கைக்குழந்தைங்களோட உக்காந்திருக்கிறதை ஊரே சிரிக்குது."

ஒண்ணாப்பிலிருந்து ஒரே தாவலில் ஐந்தாம் வகுப்பு என்றால் பெரிய வாத்தியார் தாமாகச் செய்ய முடியாது. இன்ஸ்பெக்டர் நேரில் பார்த்து உத்தரவு கொடுக்க வேண்டும். அவர் ஆண்டுக்கு ஒரு முறை வருவார். அந்த ஆண்டு மார்கழியில் வருவதாகத் தகவல் வந்தது. தெய்வானையிடம் சொன்னேன். அன்றிலிருந்து அவள் ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை யாரிடமோ இரவல் வாங்கி நடந்துகொண்டே வாசித்தாள்.

வலது கை, இடது கை

இன்ஸ்பெக்டர் வரும் நாள் என்பது அந்தக் காலத்துப் பள்ளிக்கூடங்களில் ஒரு நாடகம். நான் சேலத்தில் படித்தபோது எங்கள் வாத்தியார் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். இன்ஸ்பெக்டர் கேள்வி கேட்டதும் எல்லோரும் கையைத் தூக்க வேண்டும். விடை தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. நான் எப்போதும் வலது கைக்காரன். அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

இன்னொரு வழக்கம் எல்லா ஊரிலும் இருந்தது. மக்கு என்று பேரெடுத்த பிள்ளையை, திக்குகிற பிள்ளையை, கிழிந்த சட்டைக்கு மாற்று இல்லாத பிள்ளையை, "நாளைக்கு வீட்டுல இரு" என்று சொல்லிவிடுவது. மறுநாள் வருகைப் பதிவேட்டில் அவர்களுக்கெல்லாம் காய்ச்சல்.

பிற்காலத்தில் நானே பள்ளி ஆய்வாளர் ஆனேன். எந்தப் பள்ளிக்குள் நுழைந்தாலும் என் முதல் கேள்வி, "இன்னைக்கு யாரை வர வேண்டாம்னு சொன்னீங்க?" என்பதுதான். ஆத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் அந்தக் கேள்விக்கு ஆசிரியை அழுதுவிட்டார். நான் கண்டிப்பானவன் என்று பெயர் பரவியது. எங்கே கற்றுக்கொண்ட கேள்வி அது என்று யாருக்கும் தெரியாது.

மார்கழி மாலை

ஆய்வுக்கு முந்தின நாள் பெரிய வாத்தியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்தப் பர்மாக்காரப் புள்ளைய நாளைக்கு வர வேண்டாமுன்னு சொல்லிப்போடுங்க."

"அவர் பார்த்தாத்தானே சார் அஞ்சாப்புல போட முடியும்? நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னனுங்க. ஆனா எட்டு வயசுன்னு எழுதியிருக்கறமே, அந்தப் புள்ள எந்திரிச்சு நின்னா என்னத்தைச் சொல்றது? பள்ளிக்கூடத்து மானியம் நின்னு போகும். அது கெடக்குது, உங்க நியமனம் இன்னும் ஒப்புதல் ஆகலீங்க. அந்தக் கையெழுத்தும் அவரு கையிலதான் இருக்குது. நீங்களே ரோசனை பண்ணிக்குங்க."

நான் அதிக நேரம் யோசிக்கவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னைக் குத்துவது.

கொடிக்காலுக்குப் போனேன். அகத்தி மரங்களுக்கு நடுவே சாளை. தெய்வானை, என் அம்மா கொடுத்த தாவணியைத் துவைத்து, மடித்து, பாய்க்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். மடிப்புக் கலையாமல் இருக்க அதுதான் அவளுடைய இஸ்திரி. என்னைக் கண்டதும் எழுந்தாள்.

"நாளைக்கு நீ வர வேண்டாம், தெய்வானை."

"நான் ஏதாச்சும் தப்பா வாசிச்சேனா, சயா?"

"அதெல்லாம் இல்லை. அவர் உன் வயசைப் பத்திக் கேட்டார்னா பள்ளிக்கூடத்துக்குச் சிரமம். அடுத்த தடவை வரும்போது பார்த்துக்கலாம்."

"அடுத்த தடவை எப்ப?"

"அடுத்த வருஷம்."

தை பிறக்கச் சில நாட்களே இருந்தன. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் அதைச் சொல்லவில்லை. "சரி, சயா" என்றாள். குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்து மரியாதையாக நீட்டினாள். குடித்துவிட்டு வந்தேன்.

கோழிக் குழம்பு

இன்ஸ்பெக்டர் பஸ்ஸில் வந்து, வாய்க்கால் கரை வழியே தம் சேவகரோடு நடந்து வந்தார். நல்ல மனிதர். ஒண்ணாப்புக் குழந்தைகளோடு தரையிலேயே உட்கார்ந்து மணலில் எழுதினார். "ஒண்ணு குறையுதே?" என்று பதிவேட்டைப் பார்த்துக் கேட்டார். "காய்ச்சலுங்க ஐயா" என்றார் பெரிய வாத்தியார். பாப்பாத்தி விரலை உதட்டின் மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

மத்தியானம் பெரிய வாத்தியார் வீட்டில் சாப்பாடு. கோழிக் குழம்பைப் பிசைந்துகொண்டே இன்ஸ்பெக்டர் பேசினார்.

"காலையில ஒரு கூத்து. வாய்க்கால் கரை ரெண்டாப் பிரியுது பாருங்க, அங்க எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம நின்னுட்டோம். கன்னத்துல மஞ்சளாப் பூசின ஒரு பொண்ணு ஓடி வந்து, 'பள்ளிக்கூடத்துக்கா? வாங்க'ன்னு முன்னாடி நடந்துச்சு. கையில ஒரு புத்தகம். 'நீ அங்க படிக்கிறியா?'ன்னு கேட்டேன். 'இல்லைங்க, நான் படிக்கலை'ன்னுச்சு."

கையில் எடுத்த சோற்றை நான் இலையிலேயே வைத்தேன்.

"வாசி பார்ப்போம்னேன். அஞ்சாம் வகுப்புப் பாடம். நடந்துக்கிட்டே கடகடன்னு வாசிக்குது. யாரும்மா சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டா, 'ஒரு சின்னப் புள்ள'ங்குது!" அவர் சிரித்தார். "படிக்காமலே படிச்சிருக்கு பாருங்க. பள்ளிக்கூடம் கண்ணுல பட்டதும், 'அதோ தோரணம் தெரியுதே, அதுதான்'னு சொல்லித் திரும்பிப் போயிடுச்சு. ஊர்ல இப்படிப் பிள்ளைகளை விட்டு வைக்கலாமா? யார் வீட்டுப் பொண்ணுன்னு விசாரிங்க. நேரா அஞ்சாவதுல போடுங்க. இப்பவே எழுதித் தர்றேன்."

பெரிய வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் இலையைப் பார்த்தேன். வாயைத் திறந்தால் காலையில் சொன்ன காய்ச்சல் வெளியே வரும், எட்டு வயது வெளியே வரும், என் ஒப்புதல் போகும்.

"விசாரிக்கறோமுங்க ஐயா" என்றார் பெரிய வாத்தியார்.

"நீங்க கொஞ்சம் அக்கறை எடுத்துக்குங்க தம்பி" என்று இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார்.

"சரிங்க ஐயா" என்றேன்.

மறுநாள் நாமக்கல்லுக்கு பஸ் இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது. அவருடைய அலுவலகத்துக்குப் போய், "ஐயா, அந்தப் பெண் எங்கள் பள்ளிதான், வயதை நான்தான் பொய்யாக எழுதினேன்" என்று சொல்லியிருக்கலாம். அவர் என்னைத் திட்டியிருப்பார். அவளைச் சேர்த்தும் இருப்பார் என்று இன்று நினைக்கிறேன். நான் போகவில்லை.

மறுநாள்

காலையில் எல்லோருக்கும் முன்னால் தெய்வானை வந்திருந்தாள். தாவணி கட்டியிருந்தாள். மணலைச் சலித்துப் பரப்பிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் நல்லபடியா நடந்துச்சா, சயா? இன்ஸ்பெக்டர் திட்டலையே?"

"இல்லை. உன்னைப் பத்திச் சொன்னார். ஏன் படிக்கலைன்னு சொன்னே?"

"படிக்கிறேன்னு சொன்னா, அப்ப ஏன் நீ போகலைன்னு கேட்பாரு. சயா வர வேண்டாம்னு சொன்னாங்கன்னு நான் எப்படிச் சொல்றது?"

குரலில் குறையே இல்லை. ஒரு கணக்குக்கு விடை சொல்வது போலச் சொன்னாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "நல்லா வாசிக்கிறேன்னு சொன்னாரா?" என்று கேட்டாள்.

"சொன்னார்" என்றேன். ஐந்தாம் வகுப்பில் போடச் சொன்னதைச் சொல்லவில்லை.

அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

தை பிறந்தது. சுப்பையா வந்து பெரிய வாத்தியாரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார். தெய்வானை கொடிக்காலில் வெற்றிலை அடுக்கும் பெண்களோடு உட்கார்ந்தாள். நான் அந்தப் பாதையை விட்டுவிட்டு ஆற்றோரமாகச் சுற்றிப் போகத் தொடங்கினேன். என் ஒப்புதல் அந்த மாதமே வந்தது. சித்திரை வெயிலில் அவர்கள் குடும்பம் சென்னைப் பக்கம், பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கென்று ஏற்படுத்திய குடியிருப்புக்குப் போய்விட்டது. அதன்பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. சேலத்தில் அம்மா, "அந்தப் புள்ள எந்த வகுப்பு?" என்று கேட்பதை நிறுத்தப் பல மாதம் ஆயிற்று.

அவள் நின்றுபோன முதல் திங்கட்கிழமையைச் சொல்லி முடிக்கிறேன். பாப்பாத்தி கடைசி இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒண்ணாப்பை விட்டுப் போகிறவர்கள் மேல் வகுப்புக்குத்தான் போவார்கள் என்பது அவள் கண்ட உலகம்.

"ஏனுங்க சார், தெய்வானை அக்கா எந்த வகுப்புக்குப் போயிருச்சுங்க?"

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு, "அஞ்சாப்பு" என்றேன்.

"அஞ்சாப்பா!" பாப்பாத்தி முழங்காலில் எழுந்து நின்று வகுப்பு முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "நாந்தானுங்க சார் அதுக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்தேன்."

"ஆமாம் சாமி, நீதான்" என்றேன்.